நட்சத்திர அக்கா

உதட்டில் நாலு குண்டூசியைக் கவ்விக்கொண்டேதான் அக்கா பேசுவார். பழகியவர்களுக்கு மட்டும் புரியும். எங்கள் கொடித் தையற்கூடத்தில் ஆளுக்கொரு வேலை. ஒருவர் துணி வெட்டுவார், இருவர் பட்டைகளை இணைப்பார்கள், நான் இஸ்திரி போட்டு மடிப்பேன். தேசியக் கொடியின் மேல்மூலையில் நட்சத்திரம் வைத்துத் தைப்பது இருபத்தேழு வருடமாக இவர் மட்டும். அதனால் நட்சத்திர அக்கா. வெட்டிய நட்சத்திரங்கள் இடப்பக்கம் அடுக்கியிருக்கும், பார்க்காமலே எடுப்பார்.

பள்ளிப் பிள்ளைகள் பார்க்க வந்தால், சிவப்பு தியாகம், வெள்ளை அமைதி என்று ஆசிரியை ஒப்பிக்க வைப்பார். அக்கா குறுக்கே புகுந்து, சிவப்பு சாயம் விடும், வெள்ளை அழுக்குப் பிடிக்கும், இரண்டையும் சேர்த்துத் தைப்பவளுக்குத்தான் அமைதி வேண்டும் என்பார். கொடியின் வரலாறும் அவருக்குத் தையல் சமாசாரம்தான். அவர் வேலைக்குச் சேர்ந்தபோது மாகாணங்கள் ஐந்து, நட்சத்திரத்துக்கு முனையும் ஐந்து. பிறகு இரண்டு மாகாணங்கள் வந்து சேர்ந்தன. "எனக்கு ரெண்டு முனை கூடிச்சு. சம்பளம் இன்னும் அஞ்சு முனையிலயே நிக்குது."

இப்படி வாயாடுகிறவர் போன வாரம் இரண்டு நாள் வாயே திறக்கவில்லை. வெளிநாட்டில் நர்ஸாக இருக்கும் ஒரே மகள் அந்த நாட்டுக் குடியுரிமை வாங்குகிறாள். உறுதிமொழி எடுக்கும்போது கையில் அந்த நாட்டுக் கொடியைப் பிடிக்க வேண்டுமாம். அம்மா தைத்ததுதான் வேண்டும் என்று போனில் கேட்டிருக்கிறாள். மூன்றாம் நாள் என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "அவ வயித்துல இருக்கும்போதே இந்த மெஷின் முன்னாலதான் உக்காந்திருந்தேன். என்கிட்டயே வேற கொடி கேக்குறா பாரு." பெண் இனி திரும்பியே வரமாட்டாளோ என்பதுதான் அவர் பயம். கொடி ஒரு சாக்கு.

நேற்று மதியம் ஒருவழியாகத் தைக்க உட்கார்ந்தார். எளிய கொடிதான்: முழுக்க நீலம், அடியில் ஒரு மஞ்சள் பட்டை. பட்டையை முடித்துவிட்டு, மகள் சின்ன வயதில் துண்டுத்துணிக் கூடைக்குள் தூங்கிப்போன கதையைச் சொல்லிக்கொண்டே ஓட்டினார். மெஷின் நின்றதும் பார்த்தால், நீலத்தின் மேல்மூலையில் நம் நட்சத்திரம், ஏழு முனையும் பிசகாமல்.

கூடமே சிரித்தது, நானும்தான். அக்கா பிளேடை எடுத்து ஒவ்வொரு தையலாகப் பிரித்தார். நட்சத்திரம் கையோடு வந்துவிட்டது. ஊசி ஓட்டைகள் மட்டும் அதே வடிவத்தில் துணியில் நின்றன. தண்ணீர் தெளித்துச் சூடாகத் தேய்த்தால் இழைகள் கூடி ஓட்டை மூடிக்கொள்ளும். அது என் வேலை. இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கிவிட்டுக் கொடிக்காகக் கை நீட்டினேன்.

அக்கா தரவில்லை. ஜன்னல் வெளிச்சத்தில் அதை ஒருமுறை உயர்த்திப் பார்த்தார். பிறகு நான்காக மடித்து, மகளின் விலாசம் எழுதிய உறைக்குள் வைத்து ஒட்டினார். எட்டி, என் பெட்டியின் சுவிட்சை அணைத்தார்.