பேச்சியின் புகைச்சட்டி

மட்டாஞ்சேரிக் கடைத்தெருவில் மூக்குக்கு ஓய்வே கிடையாது. சுக்கு, மிளகு, கிராம்பு என்று மண்டிகள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்கும். அங்கே பிறக்கிற பூனைக்குட்டி கண் திறப்பதற்கு முன்னால் தும்மிவிடுமாம். நம்பாதவர்கள் பூனையைக் கேட்டுக்கொள்ளலாம். அப்படிப்பட்ட தெருவிலும் ஒரு வீட்டு வாசனையைத் தனியாகப் பேசினார்கள் என்றால், அது வாய்க்காலை ஒட்டியிருந்த பேச்சியின் ஒற்றை அறை வீடுதான்.

பேச்சி சுக்கு மண்டியில் பெருக்குகிறவள். புருஷன் சங்கரலிங்கம் அங்கேயே மூட்டை தூக்கினான். எழுபத்தேழாம் வருஷம், வள்ளத்துக்கும் கரைக்கும் நடுவே போட்டிருந்த பலகை வழுக்கி, முதுகில் மூட்டையோடு விழுந்தான். அதிலிருந்து இடுப்புக்குக் கீழே அவனுக்கு உணர்ச்சி இல்லை. மிச்சமிருந்தது ஒரு கட்டில், ஒரு ஜன்னல், சாயங்காலமானால் ஒரு சீட்டுக்கட்டு.

அந்தச் சீட்டுதான் அவனுக்கு உயிர். இருபத்தெட்டு என்கிற ஆட்டம். நாலு கை வேண்டும். கூட மூட்டை தூக்கிய சங்கிலிப்பாண்டி ஒரு கை, இடக்கொச்சி வள்ளக்காரன் ராசப்பன் ஒரு கை, சங்கரலிங்கம் ஒன்று, அடுப்பைத் தணித்துவிட்டு வந்து உட்காரும் பேச்சி ஒன்று. பகலெல்லாம் சுவரைப் பார்த்துக் கிடக்கிறவன் அந்த நேரத்தில் மட்டும் பழைய சங்கரலிங்கமாகிவிடுவான்.

ஒருநாள் ஆட்டத்தின் நடுவில் சங்கிலிப்பாண்டியின் கை மூக்குக்குப் போய்விட்டு, சட்டென்று மீசையைத் தடவுவதுபோல் இறங்கியது. பேச்சி பார்த்துவிட்டாள். படுக்கைப் புண், மூத்திரத் துணி, ஈரப்பாய். அவளுக்குப் பழகிப்போன வாசனை வந்தவன் மூக்கில் ஏறியிருந்தது. இவர்கள் வராமல் நின்றுவிட்டால் அந்த மனுஷன் என்ன செய்வான்?

மறுநாளிலிருந்து தொடங்கியது. மேட மாதச் சித்திரை வெயிலில் வெட்டிவேர்த் தட்டியை நனைத்து ஜன்னலில் கட்டினாள். பானைத் தண்ணீரில் மாந்தளிரைக் கிள்ளிப் போட்டாள். மழைக்காலத்தில் சிரட்டைக் கரி போட்ட சட்டியில், மண்டியில் பெருக்கி எடுத்த சுக்குத் தோலையும் கிராம்புக் காம்பையும் தூவினால், வீட்டுக்குள் அணிலே வந்து குளிர்காயும். பனிக்காலத்துக்கு ஆரஞ்சுத் தோலும் துளசியும். துலா மாதமான ஐப்பசியில் பாலைப்பூவைக் கொத்தோடு தொங்கவிட்டாள்.

"ஏட்டி, பாலைப்பூ மணத்துக்கு யட்சி வருவாளாமே!" என்றான் சங்கரலிங்கம்.

"வரட்டும். உங்க துணிய அவ துவைக்கட்டும்."

மனைவிக்கு வாசனைப் பைத்தியம் என்றே அவன் நினைத்திருந்தான்.

எண்பத்து மூன்றில் கர்க்கடகத்து ஆடி மழை வாய்க்காலை வீட்டுக்குள் கூட்டிவந்தது. கரி நனைந்தது. காம்பும் தோலும் பூசணம் பிடித்தன. மின்சாரமும் இல்லை. கூட்டாளிகள் வரும் நேரம். கோயிலுக்கென்று வைத்திருந்த சந்தனத்திரி ஊதுபத்திக் கட்டு மட்டும் நனையாமல் இருந்தது. கட்டு முழுவதையும் கொளுத்தி, ஒரு வாழைப்பழத்தில் குத்தி, வீட்டில் காய்ந்திருந்த ஒரே இடமான கட்டிலின் தலைமாட்டில் வைத்தாள். பக்கத்தில் விளக்கு. குளிருகிறதே என்று வெள்ளை வேட்டியால் கழுத்துவரை போர்த்திவிட்டு, பின்பக்கம் தண்ணீர் இறைக்கப் போனாள். சங்கரலிங்கம் வாயைத் திறந்துகொண்டு தூங்கினான்.

வாசலுக்கு வந்தவர்கள் வேறென்ன நினைப்பார்கள்?

"அண்ணாச்சீ! போயிட்டீகளா!" சங்கிலிப்பாண்டி நெஞ்சில் அடித்துக்கொண்டான். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, குரலைத் தணித்து, "ஒருவகையில நல்லதுதாம்டே ராசப்பா. மதினியும் தப்பிச்சா, நாமளும் தப்பிச்சோம். எத்தன நாளு மூச்சப் பிடிச்சிக்கிட்டு உக்காந்திருக்கோம்!" என்றான்.

"யாருல போனது? சீட்ட எடு," என்றது கட்டில்.

சங்கிலிப்பாண்டி வாய்க்கால் தண்ணீரில் உட்கார்ந்தே விட்டான். அந்தச் சத்தம் எர்ணாகுளம் படகுத்துறைவரை கேட்டதாகக் கடைத்தெரு பிறகு சொல்லிச் சிரித்தது. சங்கரலிங்கமும் சிரித்தான். அன்றைய ஆட்டத்தில் ஜெயித்தான்கூட.

அவர்கள் போனதும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

"பேச்சி, நான் நாறுதேனா?"

"இல்ல."

"இத்தன வருசமும் போட்டது அவனுகளுக்காகவா?"

அவள் தலைமாட்டிலிருந்த வாழைப்பழத்தை எடுத்து அப்பால் வைத்தாள்.

"நாளைக்கி ஒண்ணும் போடாத. வாரவன் வரட்டும்."

"வேண்டாங்க. மழையில கதவெல்லாம் சாத்திக் கிடக்கு."

"போடாத."

அவள் போடவில்லை. மறுநாள் சங்கிலிப்பாண்டி வாசற்படியில் நின்றான். குடையை மடக்கவேயில்லை. பள்ளுருத்தியில் ஒரு சோலி என்று சொல்லிப் போனவன் பிறகு வரவில்லை. ராசப்பன் உள்ளே வந்து, வழக்கமாக உட்காரும் முக்காலியைக் கட்டிலுக்கு இன்னும் பக்கத்தில் இழுத்துப் போட்டான்.

"சேச்சி, ஒரு சாயா. அண்ணாச்சி, மூணு பேருக்கு இருபத்தெட்டு பற்றாது. கழுதை களிக்கலாம்."

கழுதை, பிள்ளைகள் விளையாடுகிற சீட்டாட்டம். நரைத்த மூன்று பேரும் அதைத்தான் ஆடினார்கள். சங்கரலிங்கம் அடிக்கடி வாசலைப் பார்ப்பான்.

"யட்சி வந்தா நாலாவது கை ஆயிரும்," என்பான்.

அந்த வருஷத் துலா மாதம், பாலை பூத்திருந்தபோது சங்கரலிங்கம் இறந்துபோனான். தலைமாட்டில் சந்தனத்திரி கொளுத்தச் சொன்னார்கள். பேச்சி சம்மதிக்கவில்லை.

"அவரு வேண்டாம்னு சொல்லியிருக்காரு," என்றாள்.

காரியத்தன்று சங்கிலிப்பாண்டி வந்தான். இந்தத் தடவை உள்ளே வந்து உட்கார்ந்தான். சுற்றிலும் பார்த்தான்.

"வீடு நல்ல மணமாயிருக்கு மதினி," என்றான்.

பேச்சி அன்று எதையும் புகைக்கவில்லை. சட்டி மூலையில் கவிழ்ந்து கிடந்தது. ஜன்னல் வழியே சுக்கு வாசனை மட்டும் தானாக வந்துகொண்டிருந்தது.

"சாயா கொண்டாரேன்," என்று அடுப்படிக்குப் போனாள். தண்ணீர் கொதித்தது, சுண்டியது, பாத்திரம் தீய்ந்து நாறத் தொடங்கியது. வாசலில் நின்ற ராசப்பன்தான் ஓடிவந்து அடுப்பை அணைத்தான். அவள் அந்தப் பாத்திரத்தைப் பார்த்தபடியே நின்றிருந்தாள்.