வசுமதி மேடம் விமானத்தை இறக்கிய மாலை

நான் ஓட்டிய முதல் விமானம் நேராக ஏரிக்குள் போனது. ஏரியும் விமானமும் கம்ப்யூட்டர் திரையில் இருந்தவைதான். பின்னால் நின்றிருந்த எங்கள் ஓனர் ரகுநாத் சார் மட்டும் நிஜம்.

“ஏன் கோமதி, டைப்பிங் ஹையர் பாஸ் பண்ணினவதானே நீ? நாலு கீ அழுத்த வரலையா?” என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. மைசூரில் தெருவுக்குத் தெரு கம்ப்யூட்டர் சென்டர் முளைத்துக்கொண்டிருந்தது. அப்படி ஒரு சென்டரில் நான் பகல் பேட்ச் டீச்சர். கல்யாணத்துக்குக் காத்திருக்கும் பெண்களும் வேலைக்குக் காத்திருக்கும் பெண்களும் என்னிடம் டாஸும் வேர்ட் ப்ராசசிங்கும் படித்தார்கள். அப்பா ஆலை வேலையை விட்டு உட்கார்ந்துவிட்டார். வீட்டுக்குச் சம்பளம் என்று வந்தது என்னுடையது மட்டும்தான்.

ரகுநாத் சாருக்கு யாரோ வெளிநாட்டிலிருந்து விமானம் ஓட்டும் சாஃப்ட்வேரை ஃப்ளாப்பியில் கொண்டுவந்து கொடுத்திருந்தார்கள். அதைத் தசரா பொருட்காட்சி ஸ்டாலில் பெரிய டிவியில் ஓட்டிக் கூட்டம் சேர்ப்பது அவர் திட்டம். கூட்டம் வந்தால் அட்மிஷன் வரும் என்று கணக்குப் போட்டார்.

1. எட்டும் இரண்டும்

கீபோர்டின் வலப்பக்கம் இருக்கும் நம்பர் பேட்தான் விமானத்துக்குக் கைகால். எட்டை அழுத்தினால் மூக்கு கீழே போகும், இரண்டை அழுத்தினால் மேலே எழும். மேலே இருக்கும் கீ கீழே இறக்குவதும் கீழே இருக்கும் கீ மேலே ஏற்றுவதும் எந்த ஊர் நியாயம் என்று நான் சாபமிடாத நாள் இல்லை. நாலும் ஆறும் இடமும் வலமும் திருப்பும். ஒன்பதை அழுத்தினால் என்ஜின் வேகம் கூடும், மூன்றை அழுத்தினால் குறையும். இவ்வளவுதான் பாடம். இதைப் படிக்க எனக்கு எத்தனை விமானம் செலவானது என்பதை யாரும் கேட்கவேண்டாம்.

டைப்ரைட்டரில் ஒரு எழுத்தைத் தட்டினால் அந்த நொடியே பேப்பரில் விழும். விமானம் அப்படி இல்லை. தட்டினால் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் கேட்கிறது. கேட்கவில்லையே என்று இன்னும் இரண்டு தட்டு தட்டினால், எல்லாவற்றையும் சேர்த்துக் கேட்டுக்கொண்டு தலைகீழாகப் பாய்கிறது. ஒரு தட்டு, பிறகு காத்திருப்பு. என் டைப்பிங் விரல்களுக்கு இதைப் புரியவைக்கத்தான் அதிக நாள் ஆனது.

பேட்ச் தொடங்குவதற்கு முன்பே சென்டருக்குப் போய்ப் பழகினேன். ஏரிக்கு அந்தப் பக்கம் ஓடுதளம் தெரிந்ததும் மூக்கை அதைப் பார்த்துக் குத்துவேன். வேகம் ஏறி விமானம் ஓடுதளத்தைத் தாண்டிப் போய்விடும். மறுமுறை பயந்து மூக்கைத் தூக்குவேன். வேகம் செத்து, விமானம் பொத்தென்று விழும். பிறகுதான் புரிந்தது. இறங்க வேண்டுமென்றால் மூக்கைக் குத்தக் கூடாது, என்ஜினைக் குறைக்க வேண்டும். தாழ்ந்துபோனால் மூக்கைத் தூக்கக் கூடாது, என்ஜினைக் கூட்ட வேண்டும்.

ஒருநாள் காலை கோணல்மாணலாக ஓடுதளத்தை நோக்கி வந்துகொண்டிருந்தேன். விழப்போகிறேன் என்பது நிச்சயம். அந்த நேரம் பார்த்து பேட்ச் பெண்கள் படியேறி வரும் சத்தம் கேட்டது. டீச்சர் விழுவதை அவர்கள் பார்க்கக் கூடாது. வெட்கத்தில் ஒன்பதை அழுத்திப் பிடித்தேன். விமானம் ஓடுதளத்தின் மேலேயே பறந்து மறுபடி உயரே போனது. சுற்றிக்கொண்டு வந்தேன், நேராக வந்தேன், பெண்கள் பார்க்கப் பார்க்க இறக்கினேன். அவர்கள் கைதட்டினார்கள். எனக்கு வந்த சந்தோஷத்தில் அன்று எல்லாருக்கும் காபி வாங்கிக் கொடுத்தேன்.

இறங்க முடியாது என்று தெரிந்தால் இறங்காமல் போய்விடலாம் என்பதை அதுவரை நான் யோசித்ததே இல்லை.

2. பிரகாஷின் ஷோ

ஸ்டாலில் என்னை உட்காரவைக்கவில்லை. சாயங்கால பேட்ச் எடுத்த பிரகாஷ்தான் ஓட்டினான். கன்னடக்காரன், நல்ல பையன், ஸ்டைல் கொஞ்சம் தூக்கல். கீபோர்டைத் தொடாமல், ஜாய்ஸ்டிக் என்கிற கைப்பிடியைப் பிடித்து விமானத்தைக் குட்டிக்கரணம் போடவைப்பான். இறக்கத்தான் வராது. ஒவ்வொரு தடவையும் ஏரியில் போடுவான். கூட்டம் “ஹோய்த்து! ஹோய்த்து!” என்று கத்தும். போச்சு, போச்சு என்பதில் அவர்களுக்கு அவ்வளவு ஆனந்தம். சாருக்கும் ஆனந்தம்தான், கூட்டம் வருகிறதே.

ஆனால் அட்மிஷன் வரவில்லை. ஒரு அப்பா மகளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகும்போது கன்னடத்தில் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: “இறக்கவே தெரியாதவங்க கிட்ட நீ என்னம்மா கத்துக்கப்போறே?”

நான் பிரகாஷிடம் சொன்னேன், சரியாக வரவில்லையென்றால் மேலே ஏற்றிவிடு, சுற்றி வரலாம் என்று. “பயந்து ஓடறான்னு ஜனங்க சிரிப்பாங்க மேடம்” என்றான். விழுந்தாலும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்கள். அது அவனுக்கு உறைக்கவில்லை.

பொருட்காட்சி முடியும் தறுவாயில் ரகுநாத் சார் என்னைக் கூப்பிட்டார்.

“கோமதி, நேராவே சொல்லிடறேன். ஒரு கேர்ள்ஸ் ஹைஸ்கூல்ல கம்ப்யூட்டர் கிளாஸ் ஆரம்பிக்கறாங்க. ஹெட்மிஸ்ட்ரஸ் இன்னைக்கு ஸ்டாலுக்கு வர்றாங்க. அந்த ஆர்டர் கிடைச்சா எல்லாம் நடக்கும். கிடைக்கலேன்னா பகல் பேட்சை மூடிடுவேன். நீ வேற இடம் பாத்துக்கணும்.”

வேற இடம் எங்கே இருக்கிறது? அன்று மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை.

3. கையைப் பின்னால் கட்டு

ஹெட்மிஸ்ட்ரஸ் வசுமதி மேடம் சாயங்காலம் வந்தார். ஐம்பதைத் தாண்டியவர், பட்டுப்புடவை, கண்ணாடி, சிரிப்பு என்றால் என்ன விலை என்கிற முகம். அதற்குள் மத்தியானக் கூட்டம் ஜாய்ஸ்டிக்கைத் திருகி உடைத்திருந்தது. பிரகாஷ் கீபோர்டில் உட்கார்ந்தான். அவனுக்கு கீயைத் தேடிக் குனிய வேண்டும். குனிந்து நிமிர்வதற்குள் ஏரி வந்துவிட்டது.

மேடம் கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தார். பிறகு கன்னடத்தில், நான் ஓட்டிப் பார்க்கலாமா என்று கேட்டார்.

இந்த ஊர்த் தமிழர்களான எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. வியாபாரம் கன்னடத்தில், ரகசியம் தமிழில். சார் என் பக்கம் குனிந்து மெதுவாகச் சொன்னார்: “ஐயையோ, இந்தம்மா கை வச்சா கதை முடிஞ்சுது. நீ பக்கத்துல நின்னுக்கிட்டு நைசா கீயை நீயே அழுத்திடு. அவங்களுக்கு என்ன தெரியப்போகுது?”

மேடம் நாற்காலியில் உட்கார்ந்தபடி, திரும்பாமலே, தமிழில் சொன்னார்: “தெரியும். எங்காத்துலேயும் தமிழ்தான். நாங்க மேல்கோட்டை ஐயங்கார்.”

சாரின் முகம் வெளுத்துவிட்டது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. போச்சு, வேலை போச்சு என்றே நினைத்தேன்.

“நீ இங்கே வாம்மா. கையைப் பின்னால கட்டிக்கோ. வாயால மட்டும் சொல்லு. நான்தான் ஓட்டுவேன்” என்றார் மேடம்.

விமானத்தைத் தூரத்தில், ஓடுதளத்துக்கு நேராக வைத்துக் கொடுத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டேன். எது எந்த கீ என்று சொன்னேன். முதல் காரியமாக எட்டை நாலைந்து தட்டு தட்டினார். மூக்கு சரேலென்று தாழ்ந்தது.

“மேடம், ஒரு தட்டுதான். அப்புறம் காத்திருக்கணும். இப்ப ரெண்டு, ஒரே தடவை.”

“ஒண்ணும் ஆகலையே.”

“ஆகும், காத்திருங்க.”

மூக்கு எழுந்தது. ஆனால் விமானம் ஏற்கெனவே மிகவும் தாழ்ந்துவிட்டது. திரை முழுக்கத் தண்ணீர். கூட்டம் கத்தத் தயாராக வாயைத் திறந்து வைத்திருந்தது. சார் என் முழங்கையை இடித்தார். ஒன்பது எங்கே இருக்கிறது என்று என் விரலுக்குத் தெரியும், கையை நீட்டினால் போதும். ஒரு கையால் இன்னொரு கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

“மேடம், இந்தத் தடவை இறங்க வேண்டாம். ஒன்பதை அழுத்துங்க. விடாதீங்க. மேலே போயிடலாம்.”

அழுத்தினார். விமானம் தண்ணீரை உரசுகிற உயரத்தில் போய், ஓடுதளத்துக்கு மேலாகவே பறந்து, ஏறியது. கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். சார் நெற்றியில் கை வைத்துக்கொண்டார்.

மேடம் கேட்டார்: “தோத்துட்டோமா?”

“இல்ல மேடம். பெட்ரோல் இருக்கு. ஓடுதளமும் எங்கேயும் போகாது. சுத்திக்கிட்டு வரலாம்.”

சுற்றி வரச் சொல்லிக்கொடுத்தேன். இப்போது அவர் கையில் அவசரம் இல்லை. ஒரு தட்டு தட்டுவார், “காத்துண்டிருக்கேன்” என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். உயரம் அதிகமானபோது நான் சொல்லாமலே மூன்றை அழுத்தினார். சிரித்தவர்கள் அடங்கிப்போனார்கள். ஓடுதளம் விரிந்து வந்தது.

“கிட்டத்துல பாக்காதீங்க மேடம், ஓடுதளத்தோட அந்தக் கோடியைப் பாருங்க. என்ஜினை முழுசாக் குறைச்சிடுங்க. இப்ப ரெண்டு, ஒரு தட்டு. அவ்வளவுதான்.”

சக்கரம் தொட்டது, ஒரு துள்ளு துள்ளியது, மறுபடி தொட்டது. பிறகு ஓடிக்கொண்டே போய் நின்றது.

அப்படி ஒரு சத்தத்தை அந்த ஸ்டாலில் நான் கேட்டதில்லை. முன்பின் தெரியாதவர்கள் சபாஷ் போட்டார்கள். பிரகாஷ் விசில் அடித்தான். மேடம் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார். அவர் சிரித்ததை அப்போதுதான் பார்த்தேன், வாயெல்லாம் பல்.

சார் உடனே குஷியாகிவிட்டார். “மேடம், உங்க ஸ்கூலுக்கு பிரகாஷையே அனுப்பறேன். நம்ம சீனியர் ஸ்டாஃப்” என்றார், இம்முறை தமிழிலேயே.

“அவர் நன்னா குட்டிக்கரணம் போடறார். எனக்கு அது வேண்டாம். நான் தண்ணிகிட்டப் போனப்போ கீயைத் தொடாம நின்னாளே, அந்தப் பொண்ணை அனுப்புங்கோ.”

பகல் பேட்ச் மூடப்படவில்லை. நான் அதை வேறொரு பெண்ணிடம் கொடுத்துவிட்டு அந்தப் பள்ளிக்குப் போனேன், ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தேன்.

இப்போது சொல்லிக்கொடுக்கும் வேலைக்கு வருகிற பிள்ளைகளிடம் நான் சொல்வது இதுதான். படிக்கிறவர் தப்பு செய்யும்போது கீபோர்டைப் பிடுங்குவது மகா சுலபம். அப்போது பிழைப்பது விமானம் மட்டும்தான், அவருக்கு ஒன்றும் வராது. விழப்போகிறவருக்கு மேலே ஏற ஒரு கீ இருக்கிறது என்று சொல்லுங்கள். அதை அழுத்த வேண்டியது அவர் விரல்.