கில்டும் என் முழங்கால்களும்

மொன்றியலில் பனிக்காலத்தைத் திட்டாத தமிழரை நான் கண்டதில்லை. எனக்கு மட்டும் அது பிடிக்கும். காரணத்தை யாரிடமும் சொன்னதில்லை. பனிக்காலத்தில் எல்லோரும் கழுத்துவரை மூடிக்கொண்டு திரிவார்கள். நான் மூடிக்கொண்டு திரிவதை அப்போது எவரும் கவனிப்பதில்லை.

என் இரண்டு முழங்கால்களிலும் வெண்படை இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் படித்துக்கொண்டிருந்தபோது ஒரு சதக் காசு அளவில் தொடங்கியது. பிறகு இரண்டு முழங்கால் சில்லுகளையும் மூடிவிட்டு, அதற்கு மேல் பரவாமல் நின்றுவிட்டது. வலியில்லை, அரிப்பில்லை. ஆனால் எங்கள் சனங்கள் அதை வெண்குட்டம் என்றுதான் சொல்வார்கள். அந்தச் சொல்லுக்குள் குட்டம் இருப்பதே போதும். ஊரில் இருந்தவரை சாரத்தை மடித்துக் கட்டியதில்லை. இங்கே யூலை மாத வெயிலில், கோவில் ஒன்றுகூடலில் எல்லா ஆண்களும் அரைக்காற்சட்டையோடு நிற்கும்போது நான் மட்டும் நீளக் காற்சட்டையோடு சோளம் வாட்டிக்கொண்டு நிற்பேன். மனைவிக்குத் தெரியும். எங்கள் ஒரே மகளுக்குக்கூட நான் காட்டியதில்லை.

நான் வேலை செய்வது யன்னல்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில். அங்கே எங்களை மேற்பார்க்கும் போர்மனாக இருந்தவர் ஸ்கொட்லாந்து வழி வந்தவர். புயல் நாட்களில் என்னைத் தன் காரில் ஏற்றிவந்து அஹுன்ட்சிக் பகுதியில் எங்கள் வாசலில் இறக்கிவிட்டுப் போவார். என் சாப்பாட்டுப் பெட்டியில் சம்பல் இருந்தால் கேட்காமலே கரண்டியை நீட்டுவார். டிசம்பரில் நத்தார் விருந்துக்கு ஒவ்வொரு வருடமும், ஸ்கொட்லாந்து ஆண்கள் உடுக்கும் கட்டம்போட்ட பாவாடையான கில்ட் உடுத்து, பனிக்குள்ளால் வெறும் முழங்காலோடு நடந்து வருவார். குளிரவில்லையா என்று யாராவது கேட்டால், உடுத்தவனுக்குக் குளிராது, பார்க்கிறவனுக்குத்தான் குளிரும் என்பார். அவர் ஓய்வு பெற்ற பிறகும் தொலைபேசியில் பேசிக்கொள்வோம். கடைசியாகப் பேசியபோது மூச்சு வாங்கியது. பெப்ரவரியில் போய்விட்டார்.

அவருடைய மனைவி என்னை அழைத்தார். சவப்பெட்டியைத் தூக்கும் ஆட்களில் நானும் ஒருவனாக இருக்க வேண்டும் என்று அவர் சொல்லிவைத்திருந்தாராம். நான் அழுதேன். உடனே சம்மதித்தேன். அதன் பிறகுதான் அந்த அம்மா சொன்னார், தூக்குகிறவர்கள் எல்லோரும் கில்ட் உடுத்த வேண்டும் என்பது அவருடைய ஆசை என்று. அவருடைய இரண்டாவது கில்ட் என் இடுப்புக்குச் சரியாக இருக்குமாம்.

"உங்களுக்கென்ன விசரே?" என்றாள் மனைவி. "மாட்டன் எண்டு சொல்லியிருக்கலாமே."

"செத்த மனுசன் கேட்டது. எப்பிடி மாட்டன் எண்டுறது?"

"அங்க உங்கட வேலையிடத்துத் தமிழாக்களும் வருவினம். மன்னார்த் தம்பி வருவார். அவர் எங்கட கோவிலுக்கு வாறவர். நாளைக்குப் பிள்ளைக்கு ஒரு கலியாணப் பேச்சுக்கால் வரேக்க, தகப்பனுக்கு வெண்குட்டமாம் எண்டு சொல்லுவினம். யோசிச்சனீங்களே?"

யோசித்தேன். கில்ட் வந்தபோது, மகள் பல்கலைக்கழகத்துக்குப் போன நேரம் பார்த்து உடுத்துப் பார்த்தேன். கனமான கம்பளி. கீழே தடித்த காலுறை, கெண்டைக்கால் முழுவதையும் மூடியது. இரண்டுக்கும் இடையில் வெளியே தெரிந்தது முழங்கால்கள் மட்டும். எதை மறைத்து வைத்தேனோ அதை மட்டும் சட்டம் போட்டுக் காட்டியதுபோல் இருந்தது.

கடைசியில் மனைவிதான் வழி சொன்னாள். கல்யாண வீடுகளுக்குப் பூசும் முகக்கிரீமை எடுத்துவந்து, நிலத்தில் உட்கார்ந்து, என் முழங்கால்களில் பூசினாள். இரண்டு நிறங்களைக் கலந்து, என் தோலின் நிறம் வரும்வரை தேய்த்தாள். மேலே பவுடரும் போட்டாள். "கையால தொடாதேங்கோ" என்றாள். நாற்பத்தொன்பது வயதில் முழங்காலுக்கு மேக்கப் போட்டுக்கொண்டு ஒரு செத்தவீட்டுக்குப் போனேன். காரில் இருந்தபோது என்னை நினைக்க எனக்கே வெட்கமாக இருந்தது.

தேவாலயத்துக்குள் ஒன்றும் நடக்கவில்லை. அங்கே யாரும் முழந்தாளிடுவதில்லை; அதற்காகக் கடவுளுக்கு நன்றி சொன்னேன். ஆராதனை முடிந்ததும் பெட்டியை வெளியே கொண்டுவந்தோம். நான் பின்பக்கம், இடதுகைப் பிடியில். கதவு திறந்ததும் காற்று கில்டுக்குள் கீழிருந்து ஏறியது. தொடை வரை கம்பளி காத்தது. முழங்கால்கள் முதலில் எரிந்தன. பிறகு எரிவதும் நின்றது. படிகளின் கீழே ஒருவர் ஸ்கொட்லாந்துப் பைக்குழல் வாத்தியம் ஊதிக்கொண்டு நின்றார். பெட்டியை ஏற்றிப்போகும் வண்டி பனியில் திரும்ப முடியாமல் நின்றதால் நாங்களும் படியில் அப்படியே காத்து நின்றோம்.

பிறகு இறங்கச் சொன்னார்கள். கடைசிப் படியில் பனியை உருக்கும் உப்புப் போட்டிருக்கவில்லை. என் கால் வழுக்கியது. பிடியை விடவில்லை, ஆனால் இரண்டு முழங்கால்களும் பனிக்குள் புதைந்தன. மற்றவர்கள் பெட்டியைத் தாங்கிக்கொண்டார்கள். வாத்தியம் நிற்கவில்லை. யாரோ என் தோளைப் பிடித்துத் தூக்கினார்கள். எழுந்து நின்று கீழே பார்த்தேன். பனியில் இரண்டு பழுப்பு நிறக் கறைகள். என் முழங்கால்கள் ஈரத்தில் பளிச்சென்று வெள்ளையாக இருந்தன.

போர்மனுடைய பக்கத்து வீட்டு அம்மா ஒருவர், ஓய்வு பெற்ற தாதி, பிரெஞ்சுக்காரி, முதலில் கண்டார். "ஆஞ்ஜெலூர்" என்றார். குளிரில் சதை உறைந்துபோவதற்கு அவர்கள் சொல்லும் சொல் அது. அடுத்த நிமிடம் அவர் கையுறைகளைக் கழற்றிவிட்டு என் முன்னால் குந்தியிருந்து, இரண்டு உள்ளங்கைகளையும் என் முழங்கால்களில் வைத்து அழுத்தினார்.

"என் கை படுவது தெரிகிறதா?" என்று கேட்டார்.

குளிரில் உண்மையாகவே ஒன்றும் தெரியவில்லை. இல்லை என்றேன். அவருடைய முகம் மாறியது. போர்வை கொண்டுவாருங்கள், அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள் என்று சொல்லத் தொடங்கினார். ஆட்கள் கூடினார்கள். பெட்டி பாதி வண்டிக்குள்ளும் பாதி வெளியிலுமாக நின்றது. போர்மனின் மனைவி, கறுப்பு உடுப்போடு, புருசனின் பெட்டியை விட்டுவிட்டு என்னிடம் வந்தார். வந்து அவரும் பனியில் முழந்தாளிட்டார். தன் சால்வையை எடுத்து என் காலைச் சுற்றினார். "இது என் பிழை. உங்களை இதை உடுத்தச் சொல்லியிருக்கக் கூடாது" என்றார்.

அதற்கு மேல் என்னால் மறைக்க முடியவில்லை.

எனக்குத் தெரிந்த பிரெஞ்சிலும் இங்கிலீசிலும் சொன்னேன். இது குளிரால் வந்ததில்லை. என் தோலே இப்படித்தான். இளம் வயதிலிருந்து. நான் கிரீம் பூசி மறைத்திருந்தேன். அதற்கான பிரெஞ்சுச் சொல் தெரியாததால் இரண்டு முறை, மூன்று முறை சொல்ல வேண்டியிருந்தது. ஒவ்வொரு முறையும் குரல் கூடியது. வாத்தியக்காரர் ஊதுவதை நிறுத்தியிருந்தார். கடைசி முறை நான் சொன்னது அந்த முற்றம் முழுவதற்கும் கேட்டது.

தாதி குனிந்து கிட்டப் பார்த்தார். தலையாட்டினார். எழுந்து கையுறைகளை மாட்டிக்கொண்டார். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சுகமாக இருந்திருக்கும். போர்மனின் மனைவி என் கையில் மெல்லத் தட்டிக்கொடுத்துவிட்டு வண்டியை நோக்கித் திரும்பினார். அவருடைய முழங்கால்களிலும் பனி ஒட்டியிருந்தது. அந்த மனிதனுடைய கடைசிப் பயணத்தை என் தோலுக்காக மறித்துவிட்டேன் என்ற நினைப்பு என்னைத் தின்றது.

தேவாலய மண்டபத்தில் தேநீர் கொடுத்தார்கள். சால்வையை மடியில் விரித்துக்கொண்டு ஒரு மூலையில் இருந்தேன். மன்னார்த் தம்பி எனக்கும் ஒரு கோப்பை கொண்டுவந்தார். நல்ல பெடியன். பக்கத்தில் இருக்காமல் நின்றபடியே கேட்டார்.

"அண்ணை, குறை நினைக்காதேங்கோ. இது ஒட்டுமோ?"

"இல்லைத் தம்பி."

"ஓம் ஓம், சும்மா கேட்டனான். வீட்டில சின்னப் பிள்ளையள் இருக்கினம்." தன் கோப்பையோடு கதவுப் பக்கம் திரும்பினார். "பேந்து கதைப்பம் அண்ணை."

வீட்டுக்கு வந்தபோது மனைவி ரொக்ஸ்பரோவில் தன் தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். மகள் குசினியில் அடுப்புப் பக்கம் நின்றாள். கில்டுக்கு மேல் என் நீளக் கோட். அதைக் கழற்றாமல் அறைக்குப் போகப் பார்த்தேன்.

"அப்பா, எனக்கு மெசேஜ் வந்தது" என்றாள். மன்னார்த் தம்பியின் மனைவியின் தங்கை இவளோடு படிக்கிறாள். "உங்கட முழங்காலைக் காட்டுங்கோ."

"என்னத்துக்கு?"

"காட்டுங்கோவன்."

கதிரையில் இருந்து கோட்டை விலக்கினேன். என் இருபது வயது மகள் குனிந்து பார்த்தாள். கிரீம் விளிம்பில் திட்டுத் திட்டாக ஒட்டியிருந்தது. அவள் அதை விரலால் துடைத்தாள். முகம் சுளிக்கவில்லை. பிறகு எனக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று, தலைமயிரை ஒதுக்கி, சுவெற்றரின் உயர்ந்த கழுத்தைக் கீழே இழுத்தாள். பிடரிக்குக் கீழே, நாக்கு அளவில், ஒரு வெள்ளை.

"எப்ப இருந்து?"

"போன சம்மர். பெருசாகுது." திரும்பாமலே சொன்னாள். "கூகிள் பண்ணிப் பாத்தன். ஃபமிலியில இருந்தா வரலாம் எண்டு இருந்தது. எங்கட ஃபமிலியில ஒருத்தருக்கும் இல்லையே எண்டு நினைச்சன். வேற ஏதோ பெரிய நோய் வருத்தம் எண்டு பயந்திட்டன்."

"அம்மாட்டச் சொல்லியிருக்கலாமே பிள்ளை."

"நீங்கள் சொன்னனீங்களே?"

அவள் சுவெற்றர் போடத் தொடங்கியது குளிருக்கு என்றுதான் நினைத்திருந்தேன். வீட்டுக்குள்ளும் ஏன் போடுகிறாள் என்று ஒரு நாளும் கேட்கவில்லை. கேட்டால் மறைப்பதைப் பற்றிப் பேச வேண்டி வரும் என்று எனக்குள் ஏதோ தெரிந்திருக்க வேண்டும். பனி முற்றத்தில் அத்தனை பேர் முன்னால் பட்ட வெட்கம் அந்தக் குசினியில் பட்டதற்குக் கிட்டவும் வராது.

மனைவி அன்று மாலை அழுதாள். அடுத்த நாள் தோல் வைத்தியருக்காகத் தொலைபேசியில் காத்திருக்கத் தொடங்கினாள். மகளுக்கு மருந்து கொடுத்திருக்கிறார்கள். ஒளிச் சிகிச்சைக்கும் போய்வருகிறாள். கொஞ்சம் நிறம் திரும்புகிறது. கோவிலில் இரண்டு குடும்பங்கள் எங்களோடு முன்போலக் கதைப்பதில்லை. அல்லது எனக்கு அப்படித் தோன்றுகிறது. கில்டை உலர்சலவைக்குக் கொடுத்து, நானே கொண்டுபோய் போர்மனின் மனைவியிடம் ஒப்படைத்தேன். எனக்குச் சொல்ல நிறைய இருந்தது. அவரைக் கண்டதும் மன்னித்துக்கொள்ளுங்கள் என்பது மட்டும்தான் வந்தது. அவரும் அதையேதான் சொன்னார்.

இந்தக் கோடையில் மகள் கழுத்து இறங்கிய சட்டை போட்டுக்கொண்டு மெட்ரோவில் போனாள். தன்னோடு வரச் சொன்னாள், அரைக்காற்சட்டையோடு. போட்டேன்தான். வாசல்வரை போய்த் திரும்பி வந்து நீளக் காற்சட்டைக்கு மாற்றிக்கொண்டேன். அவள் வாசலில் காத்து நின்றாள்.