பதினேழாம் மெஷினின் கார்டு

பரூக்கா ஊரில், புல்தரையில் பந்து உருட்டி விளையாடும் பவுல்ஸ் கிளப்பில் முப்பது போக்கி மெஷின்கள். அந்த சூதாட்ட மெஷின்களைக் கவனித்துக்கொள்ளும் வேலை கிளெனிஸ் டாரன்ட்டுக்கு, பத்தொன்பது வருடமாக. ஒவ்வொரு மெஷினுக்குள்ளும் ஒரு கார்டு தொங்கும். கதவைத் திறந்தால் நேரம், காரணம் எழுதி இரண்டு பேர் கையெழுத்துப் போட வேண்டும். திறந்தவர் ஒருவர், பக்கத்தில் நின்று பார்த்தவர் இன்னொருவர். சட்டம் போட்ட புண்ணியவான்கள் ஒற்றை ஆளாக பீரும் ஊற்றிக்கொண்டு, பண நோட்டு சிக்கிய மெஷினுக்கும் ஓடிப் பார்த்ததில்லை. அதனால் புதுக் கார்டு வந்ததுமே, பார்த்தவர் என்ற இடத்தில் மேலிருந்து கீழ்வரை கிளெனிஸ் கையெழுத்திட்டு வைத்துவிடுவாள்.

மார்ச்சில் அவள் கணவன் ரெஜ் செத்துப்போனான். அடக்கத்துக்கு முதல் நாள், மேனேஜர் நெவில் ஸ்ட்ரூட் பழக்கேக்கும் புதுக் கார்டுகளுமாக வீட்டுக்கே வந்துவிட்டான்.

“இந்த நேரத்துல கேக்கக் கூடாதுதான், கிளென். நீ இல்லாதப்ப மெஷின் மக்கர் பண்ணுச்சுன்னா நான் யாரைப் போய்த் தேடுவேன்?”

“குடு இங்க. ரெஜ் இருந்தா, இவளுக்கு சாவு வீட்லயும் கிளப் வேலைதான்னு சொல்லியிருப்பான்.”

சமையலறை மேசையில் வைத்து முப்பது கார்டிலும் கையெழுத்துப் போட்டாள். அடக்கத்துக்கு வர முடியாது, கிளப்பை யாராவது பார்க்கணுமே என்று அவன் கண் கலங்கினான். அவளுக்கு அவன்மேல் இரக்கமாக இருந்தது.

மே மாதம் சோதனைக்கு வந்த அதிகாரி, பதினேழாம் மெஷினின் உள்ளே சர்க்யூட் பலகையில் இருந்த அரசு சீல் வெட்டப்பட்டு மறுபடி ஒட்டப்பட்டிருப்பதைக் கண்டுபிடித்தாள். அந்தப் பலகையில் கை வைத்தால் மெஷினை வேண்டியபோது பணம் கொட்ட வைக்கலாம். நெவில் அதற்குள் வேலையை விட்டு எங்கோ வடக்கே போயிருந்தான். கதவு திறந்த நேரத்தை மெஷினே பதிந்து வைக்கும் என்பதால், கார்டிலும் ஒழுங்காக எழுதியிருந்தான்: மார்ச் பன்னிரண்டு, காலை பத்து நாற்பது, நோட்டு சிக்கியது.

“இது உங்க கையெழுத்துதானே, மிஸஸ் டாரன்ட்?”

“என்னுதுதான்.”

“அப்ப அவர் சீலை வெட்டும்போது பக்கத்துலயே நின்னு பாத்துக்கிட்டிருந்தீங்க.”

ஆமாம் என்றால் திருட்டுக்குக் கூட்டாளி. இல்லை என்றால் பொய்க் கையெழுத்து; மெஷின் வேலைக்கான லைசென்ஸ் போகும். ஐம்பத்தெட்டு வயதில் அந்த ஊரில் அவளுக்கு வேறு யார் வேலை கொடுப்பார்கள்?

“நான் அங்க இல்ல,” என்றாள்.

“அதுக்கு சாட்சி இருக்கா?”

“ஊரே சாட்சி. எல்லாரும் கல்லறைல என் பக்கத்துலதான் நின்னாங்க. என் புருஷனைப் புதைச்சுக்கிட்டிருந்தோம்.”

அதிகாரி கார்டைத் திருப்பி வைத்தாள். “பாக்காமலே போட்ட கையெழுத்துன்னுதான் எழுத வேண்டியிருக்கும். லைசென்ஸ் போயிடும்.”

“தெரியும். எழுதுங்க.”

கழுத்தில் தொங்கிய லைசென்ஸ் அட்டையைக் கழற்றி மேசையில் வைத்தாள். வேலை போன துக்கத்தைக்கூட விழுங்கிவிடலாம். கிளப்பில் ஒரு ஈ காக்கா இல்லாத ஒரு மணி நேரம் நெவிலுக்கு வேண்டியிருந்திருக்கிறது. அன்று வீட்டில் கார்டுகளை வாங்கிக்கொண்டு கிளம்பும்போது, ரெஜ்ஜை எத்தனை மணிக்குக் குழியில் இறக்குகிறார்கள் என்று கேட்டான். அந்த நேரத்தில் கிளப்பில் இருந்தபடியே தலைகுனிந்து நிற்கப்போகிறான் என்று நினைத்து, பத்தரைக்கு என்று அவள்தான் சொன்னாள்.