நான் வாசிக்காமல் விட்ட வரி

முப்பது வருடம் கனடாவில், மார்க்கம் நகரத்தில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் பத்திரம் சரிபார்க்கிற வேலை பார்த்தேன். ஒரு வரி பிசகியிருந்தாலும் என் கண்ணில் பட்டுவிடும். கூட வேலை செய்தவர்கள் என் மேசைக்கு வரும்போதே முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் வருவார்கள், மனுசி இன்றைக்கு எதைப் பிடிக்கப் போகிறாளோ என்று. அப்படிப் பெயரெடுத்த நான் ஒரு வரியைத் தெரிந்துகொண்டே விட்டு வாசித்தேன். போதாதற்கு அந்த வரி இல்லவே இல்லை என்று எழுதியும் கொடுத்தேன். என் பிள்ளைகளுக்குக்கூட இது தெரியாது.

வெக்ஸ்போர்ட் பகுதியில் எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு வெள்ளைக்கார அம்மா இருக்கிறார். ஓய்வு பெற்ற ஆசிரியை. கணவர் இல்லை, ஒரே மகன் வன்கூவரில். நாங்கள் அந்தத் தெருவுக்குக் குடிவந்த அன்று கேக்கோடு வந்து கதவைத் தட்டிய ஒரே ஆள் அவர்தான். பிள்ளைகள் அவரை அன்ரி என்று கூப்பிட, அதுவே எனக்கும் வாயில் வந்துவிட்டது. அவர் பேசுவது ஆங்கிலம். ஆனால் எனக்கு அவருடைய பேச்சு எப்போதும் எங்கள் தமிழிலேயே கேட்கும். அதனால் அப்படியே எழுதுகிறேன்.

அன்ரிக்கு ஒரு பைத்தியம் இருந்தது. அமெரிக்காவில் வெள்ளைக்காரர் முதன்முதலாகக் கப்பலில் வந்து இறங்கிய காலத்தில், அவர்களில் ஒருவராகத் தன் மூதாதை ஒருவரும் வந்தார் என்பது அவருடைய வீட்டுக் கதை. அதைக் கதையாக விட்டுவிட அவருக்கு மனமில்லை. ஒவ்வொரு தலைமுறைக்கும் ஒரு தாள் வேண்டும், இன்னாருடைய பிள்ளை இன்னார் என்று அதில் எழுதியிருக்க வேண்டும். தாள் இல்லாத இடத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டு வைத்திருப்பார். எனக்கு இது பெரிய புதினம், கேள்விப்படாத விசயம். எங்கள் ஆட்களிடம் பரம்பரை கேட்டால் பாட்டனார் வரைக்கும் சொல்லுவோம். அதற்கு மேலே கேட்டால், "நாங்கள் நல்ல ஆக்கள்" என்று சொல்லி முடித்துவிடுவோம். அந்த "நல்ல ஆக்கள்" என்ற சொல்லுக்குள் என்னென்ன ஒளிந்திருக்கிறது என்று நமக்கெல்லாம் தெரியும்.

அன்ரிக்குக் கண்ணின் நடுப்பகுதி மங்கத் தொடங்கியபோது ஒரே ஒரு கேள்விக்குறிதான் மிச்சம். அமெரிக்காவில் அரசனுக்கு எதிராகச் சண்டை நடந்து முடிய, அரசன் பக்கம் நின்ற குடும்பங்கள் பல வடக்கே கனடாவுக்கு வந்தன. அப்படிக் கணவனோடு வந்த, அன்ரியின் முன்னோரில் ஒரு பெண், அந்தக் கப்பலில் வந்தவருடைய வழியில் பிறந்தவள்தானா? அதற்குத் தாள் இல்லை. செவ்வாய்க்கிழமை தோறும் நான் போய் அவருக்குப் பழைய தாள்களை வாசித்துக் கொடுக்கத் தொடங்கினேன்.

"உமக்கேன் உந்தப் பூராயம்? எங்கடை சொந்தக்காரரையே உமக்கு ஒழுங்காத் தெரியாது," என்று என் கணவர் நக்கலடித்தார்.

"சும்மா இருங்கோ. மனுசிக்குக் கண் தெரியேல்லை. வாசிச்சுக் குடுத்தா என்ன குறைஞ்சா போடுவன்?"

உண்மையைச் சொன்னால் எனக்கு அதில் பெருமையும் இருந்தது. அந்தக் காலத்து வளைந்த கையெழுத்தை வேறு யாராலும் அவ்வளவு விரைவாக வாசிக்க முடியாது. என் அப்பா யாழ்ப்பாணத்தில் பத்திரம் எழுதுகிற ஒரு நொத்தாரிசிடம் கிளாக்கராக இருந்தவர். செல்லரித்த காணி உறுதிப் பத்திரங்களை நான் பள்ளிக்கூடம் போகிற வயதிலேயே அவருக்கு உரக்க வாசித்துக் காட்டியவள்.

ஒருநாள் அமெரிக்காவில் இருந்து, சாகும் முன் சொத்தை எழுதி வைக்கிற மரணசாசனம் ஒன்றின் பிரதி வந்தது. கப்பலில் வந்தவருடைய வழி என்று ஏற்கெனவே தாள் இருந்த ஒருவர், அந்தப் பெண்ணுடைய தகப்பன் என்று அன்ரி நினைத்தவர், எழுதியது. "என் மகளுக்கு" என்று தொடங்கி அவளுடைய பெயரும் கணவனுடைய பெயரும் தெளிவாக இருந்தன. நான் வாசித்ததும் அன்ரி சின்னப்பிள்ளை மாதிரிக் கை தட்டினார். "வாசியும், மிச்சத்தையும் வாசியும்," என்று கண்ணை மூடிக்கொண்டு சாய்ந்திருந்தார். மகளுக்குக் கொடுத்த வீட்டுச் சாமான்களின் பட்டியல் அது. நாலைந்து சாமான் வாசித்திருப்பேன். அடுத்த வரியில் ஒரு கறுப்புச் சிறுமி இருந்தாள். ஒற்றைப் பெயர். வயது ஒன்பது அளவில் என்று எழுதியிருந்தது.

நான் நிற்கவில்லை. இருமவுமில்லை. அதற்கு அடுத்த வரியை வாசித்துக்கொண்டு போய்விட்டேன். நாக்கு தானாகத் தாவிவிட்டது என்று பிறகு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சீ, எவ்வளவு பொய்! என் நாக்கைத் தாவப் பழக்கி வைத்திருந்தார்கள், அதுதான் உண்மை. எங்கள் வீட்டிலும் பழைய சீதன உறுதி ஒன்று இருக்கிறது. காணி, பனைகள், கிணற்றில் பங்கு, நகை என்று போய், அதற்குப் பிறகு ஒரு பெண்ணும் அவள் வயிற்றில் பிறக்கும் பிள்ளைகளும் என்று வரும். மணப்பெண்ணுக்குச் சீதனமாகக் கொடுத்திருக்கிறார்கள். சிறுமியாக நான் அதை உரக்க வாசித்தபோது அப்பா தாளை மெல்ல என் கையிலிருந்து எடுத்தார். "உதுகளை வாசிக்கத் தேவையில்லைப் பிள்ளை. காணியை மட்டும் வாசி," என்றார். பிறகு காணி விசயமாக யார் கேட்டு வந்தாலும் நான் அந்த இடத்தைத் தாண்டித்தான் வாசித்துக் காட்டுவேன். அந்தப் பெண்ணின் வழி வந்தவர்கள் யாரென்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். அவர்களில் ஒரு குடும்பம் இங்கேதான் இருக்கிறது. தேவாலயத்தில் ஞாயிறு பூசையில் கண்டால் சிரிப்பேன், சுகம் கேட்பேன். வீட்டுக்கு வாங்கோ என்று ஒருநாளும் கேட்டதில்லை.

அன்ரி கேள்விக்குறியை அழித்துவிட்டுத் தன் பரம்பரை முழுவதையும் இன்ரநெற்றில் போட்டார். மகனைக் கொண்டுதான் செய்வித்தார். ஒன்றரை மாதத்தில் அதைப் பார்த்துவிட்டு ஓர் ஈமெயில் வந்தது. அதையும் நான்தானே வாசிக்க வேண்டும்.

எழுதியவர் ஒன்ராறியோவின் மேற்குப் பக்கத்தில் இருக்கிற ஒரு கறுப்பினப் பெண், தாதியாக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் குடும்பத்தின் முதல் பெண் உங்கள் குடும்பத்தோடுதான் சிறுமியாகக் கனடாவுக்குள் வந்தாள் என்று எங்களுக்குள் ஒரு கதை உண்டு, என்று எழுதியிருந்தார். அவளுடைய பெயர்கூட எங்களுக்குத் தெரியாது. வண்டியில் வந்த பிள்ளை என்றுதான் சொல்லுவோம். என் அம்மாவுக்குத் தொண்ணூறு தாண்டிவிட்டது, நினைவு நன்றாக இருக்கிறது, கண்மூடும் முன் அந்தப் பெயரை ஒருதரம் கேட்க வேண்டும் என்கிறார். உங்களிடம் இருக்கிற தாள்களில் எங்காவது ஒரு வரி இருக்குமா?

பெயர் எனக்குத் தெரியும். இந்த உலகத்தில் அப்போது எனக்கு மட்டும்தான் தெரியும்.

அன்ரி என் பக்கம் திரும்பினார். "நாங்கள் எல்லாத்தையும் வாசிச்சிட்டம்தானே? அப்பிடி ஒண்டும் இருக்கேல்லை, என்ன?"

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். ஐயோ, கண்ணில் படாமல் போச்சு, இன்னொருக்கால் பாப்பம் என்றாவது மழுப்பியிருக்கலாம். ஆனால் நான் என் மானத்தைத்தான் பார்த்தேன். விட்டு வாசித்தவள் என்று இந்த மனுசிக்குத் தெரியக்கூடாது.

"இல்லை அன்ரி," என்றேன்.

"அப்ப அப்பிடியே ஒரு பதில் எழுதிவிடும். மரியாதையா எழுதும், பாவம்."

நான் தட்டினேன். எங்கள் குடும்பத் தாள்களை முழுமையாகத் தேடிப் பார்த்தோம், குறிப்பு எதுவும் இல்லை. "முழுமையாக" என்ற சொல் அன்ரி சொன்னதல்ல. பொய்க்கு மெருகு போட நானே சேர்த்தது. முப்பது வருட உத்தியோகம் கற்றுக் கொடுத்த சொல்.

அடுத்த செவ்வாய்க்கிழமை பதில் வந்திருந்தது. மூன்றே வரி. தேடிப் பார்த்ததற்கு மனமார்ந்த நன்றி. அம்மாவிடம் சொன்னேன். அவர்கள் பார்த்துவிட்டார்கள் என்றால் சரி, இனி நான் கேட்கமாட்டேன் என்று சொன்னார்.

இரண்டாவது வரியோடு வாசிப்பதை நிறுத்திவிட்டேன்.

"ஏன் நிப்பாட்டினீர்?" என்று அன்ரி கேட்டார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அறுபது வயதில் அடுத்த வீட்டுக் குசினியில் இருந்துகொண்டு மூக்கைச் சிந்திச் சிந்தி எல்லாவற்றையும் சொன்னேன். அன்ரி கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு மரணசாசனத்தை எடுத்து வரச் சொன்னார். அந்த வரியை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். அவர் மேசை விரிப்பைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"ஆருக்காக விட்டனீர்?"

"உங்களுக்காகத்தான் அன்ரி. உங்களுக்கு வெக்கமாப் போயிடுமெண்டு."

"எனக்கு வெக்கம் வரத்தான் வேணும். அது எனக்கு வரவேண்டிய பங்கு. அதைத் தூக்கி ஒளிக்க நீர் ஆர்?"

அவர் என்னோடு அப்படிப் பேசியதே இல்லை. நான் தப்பிக்கப் பார்த்தேன். எங்கள் வீட்டுச் சீதன உறுதியைப் பற்றிச் சொன்னேன், அப்பா சொன்னதைச் சொன்னேன், எங்கள் ஊரிலும் இப்படித்தான் அன்ரி என்றேன். ஏதோ அதைச் சொன்னால் அவருக்கு ஆறுதலாக இருக்கும் என்பதுபோல.

"அந்த வரியை நீர் ஆருக்கு வாசிச்சுக் காட்டினீர்?" என்று கேட்டார்.

நான் மரணசாசனத்தை மடிக்கத் தொடங்கினேன். அவர் அதற்கு மேல் அதைக் கிளறவில்லை. "ஈமெயிலிலை போன் நம்பர் இருக்கும். அடியும்," என்றார்.

"இப்பவோ? நான் வடிவா எழுதி அனுப்பட்டே?"

"நீர் வடிவா எழுதினது போதும்."

ஸ்பீக்கரில் போட்டு அடித்தேன். ஈமெயில் எழுதிய மகள்தான் எடுத்தார். அவருடைய ஆங்கிலமும் எனக்குத் தமிழாகவே கேட்டது. அன்ரி தன்னை யாரென்று சொல்லி, ஒரு வரி இருக்கிறது என்றார். தனக்குக் கண் தெரியாது, பக்கத்து வீட்டுக்காரி வாசிப்பாள் என்றார். மறுபக்கத்தில் கதிரை இழுபடும் சத்தம் கேட்டது. "அம்மாவைக் கூட்டிக்கொண்டு வாறன், வைச்சிடாதேங்கோ," என்று ஓடினார். மூதாட்டி வந்து உட்காரும் வரைக்கும் அன்ரி என் முகத்துப் பக்கமே திரும்பி இருந்தார்.

நான் சிறுமியின் வரியை மட்டும் வாசித்தேன். பெயரை இங்கே எழுதமாட்டேன். அது அவர்களுடையது. மூதாட்டி அந்தப் பெயரைச் சொல்லிப் பார்த்தார். பிறகு இன்னொரு தடவை, கொஞ்சம் உரக்க, யாரையோ முற்றத்தில் இருந்து கூப்பிடுவது போல. மகள் அழுவது கேட்டது.

அழுகைக்கு நடுவில்தான் மகள் கேட்டார். "இப்பத்தான் கண்டுபிடிச்சனீங்களோ?"

அன்ரி தொலைபேசியை என் பக்கம் தள்ளினார். நான் சொல்லுவதற்காகவே காத்திருந்தார்.

"இல்லை. முதல் நாளே கண்டனான்," என்றேன். "நான்தான் விட்டு வாசிச்சனான். இல்லையெண்டு எழுதினதும் நான்தான்."

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அதற்குள் மூதாட்டி பேசினார். கோபமில்லாத, தளர்ந்த குரல்.

"பிள்ளை, அந்த வரிக்கு முன்னாலை என்ன எழுதியிருக்கு? பின்னாலை என்ன இருக்கு?"

என் கண் தாளில் போய் நின்றது. நம்பமாட்டீர்கள், அந்த நேரத்திலும் எனக்கு மறைக்கத்தான் தோன்றியது.

"அது சும்மா வீட்டுச் சாமான்கள், அம்மா."

"என்ன சாமான்? விடாமல் வாசி."

வாசித்தேன். முன்னால், கன்றோடு ஒரு பசு. பிறகு அவள். அவளுக்குப் பின்னால், ஓர் இறகு மெத்தையும் இரண்டு தலையணையும்.

"மெத்தை இருந்திருக்கு," என்றார் மூதாட்டி. பிறகு கேட்டார். "அந்தப் பிள்ளையை எங்கை படுக்க விட்டிருப்பினம்?"

அன்ரி கையால் முகத்தை மூடிக்கொண்டார். நான் தாளின் கீழ்ப்பக்கம் வரைக்கும் பார்த்தேன். அங்கே அதற்குப் பதில் இல்லை. எங்கள் உறுதியில் இருக்கிற அந்தப் பெண்ணைப் பற்றி இத்தனை வருடத்தில் நான் ஒருநாளும் அப்படிக் கேட்டதில்லை. கேட்கலாம் என்றுகூட எனக்குத் தோன்றியதில்லை.