பாதி ஏணியில் ஒரு ரேஸ் சைக்கிள்

தாராவியில் எங்கள் வீடு மாடியில். ஏறி இறங்கச் சுவரையொட்டி நெட்டுக்குத்தாக ஓர் இரும்பு ஏணி, பிடித்துக்கொள்ள மேலிருந்து தொங்கும் கயிறு. பிளவுஸ் தைத்து மாட்டுங்காவிலும் செம்பூரிலும் வீடு வீடாகக் கொடுப்பது என் தொழில். ஏணியைக்கூடச் சமாளித்துவிடுவேன், அதற்குப் பிறகு நடக்கச் சொன்னால்தான் முழங்கால் அடம்பிடித்தது. எலக்ட்ரிக் சைக்கிள் வாங்கலாம் என்று பேச்செடுத்ததே நான்தான். தாதரில் கடைக்குள் கால் வைத்ததும் அது என் வீட்டுக்காரருடைய சைக்கிள் ஆகிவிட்டது.

கடைக்காரர் இரண்டைக் காட்டினார். ஒன்று ஒல்லியான ரேஸ் சைக்கிள். பாட்டரி கம்பிக்குள்ளேயே ஒளிந்திருந்தது. ஹேண்டில் ஆட்டுக்கடாவின் கொம்பு மாதிரி வளைந்திருந்தது. ஒரு கையால் தூக்கலாம். இன்னொன்று நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டுவது. குறுக்குக் கம்பி இல்லை, முன்னால் கூடை, கழற்றி எடுக்கிற பாட்டரி, மொத்தச் சைக்கிளும் அம்மிக்கல் கனம். புர்காவோடு ஏறி உட்கார்ந்து பார்த்தேன். இறங்க மனமே வரவில்லை.

அவர் ரேஸ் சைக்கிளில் ஏறினார். குனிந்ததும் தொப்பை இறங்கி முழங்காலை வழிமறித்தது. சாவியைத் தொலைத்துவிட்டு ரோட்டில் தேடுகிறவரைப் போல இருந்தார்.

"எப்படிட்டி இருக்கு?"

"முகத்தைக் காட்டுங்க, சொல்லுதேன்."

ஆனாலும் அவரிடம் ஒரு நியாயம் இருந்தது. "அந்தக் கனத்த எங்கன வைக்கப்போற? சந்துல விட்டா காலைல பெல்லு மட்டுந்தான் கிடக்கும். இதுன்னா தோள்ல போட்டுட்டு ஏணில ஏறிருவேன்." எனக்கு அழுகை வந்தது, காட்டிக்கொள்ளவில்லை.

ஒருநாள் ஓட்டிப் பாருங்கள் என்று, அவருடைய ஆதார் கார்டை வாங்கி வைத்துக்கொண்டு ரேஸ் சைக்கிளைக் கொடுத்தார் கடைக்காரர்.

அன்று சாயங்காலமே அதைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏணியில் ஏறினார். பாதியில் கொம்பு ஹேண்டில் கயிற்றில் சிக்கியது, பெடல் சட்டைப் பைக்குள் நுழைந்தது. மேலேயும் வர முடியவில்லை, கீழேயும் போக முடியவில்லை. சந்து முழுக்கக் கூடி, ஆளுக்கொரு பாஷையில் யோசனை சொன்னது. நான் மேலிருந்து அவருடைய வழுக்கையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சிரிக்கக் கூடாது என்றுதான் நினைத்தேன்.

கடைசியில், கீழே பை தைக்கும் பட்டறை வைத்திருக்கும் எங்கள் ஊர்க்காரர் ஸ்டூல் போட்டு ஏறி சைக்கிளை வாங்கினார். அண்ணன் முறையில் அவரை நாங்கள் காக்கா என்போம். அவருக்குப் பின்னால் தெரிந்த பட்டறை ஷட்டரைப் பார்த்ததும்தான் எனக்கு உறைத்தது.

"காக்கா, ராத்திரி உள்ள ஒரு சைக்கிள் நிக்க இடம் இருக்குமா? பாட்டரிய நான் மேல கொண்டுபோயிருவேன்."

"தாராளமா நிறுத்தும்மா. இந்த சர்க்கஸ் மட்டும் மறுபடி வேண்டாம்."

கயிற்றை விடாமலே என் வீட்டுக்காரர் கத்தினார். "ஏட்டி, அது லேடீஸ் சைக்கிளு!"

"நான் லேடீஸ்தான?"

ரேஸ் சைக்கிளைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கூடை வைத்ததை வாங்கி வந்தோம். முதல் நாள் கூடை நிறைய பிளவுஸோடு கிளம்பினேன். பள்ளிக்கூட நாளுக்குப் பிறகு சைக்கிளைத் தொட்டதில்லை. கேரியரைப் பிடித்துக்கொண்டு அவர் பின்னாலேயே ஓடி வந்தார். "மெதுவாட்டி, பிரேக்கப் பிடி!" மோட்டார் இழுத்ததும் அவர் கை நழுவியது, சத்தமும் பின்னால் போனது. மாட்டுங்கா பக்கம் திரும்பினேன். முழங்கால் வாயே திறக்கவில்லை.

அதிசயமாக எனக்கு முன்னால் ரோட்டில் ஆளே இல்லை. ஆனாலும் மணி அடித்தேன்.