அக்காவை உட்கார வைத்த நிருபம்

பள்ளி வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின், கோவையில் சனிக்கிழமைதோறும் நடக்கும் இறையியல் வகுப்பில் சேர்ந்தேன். பைபிளை இன்னும் கொஞ்சம் நெருங்கிப் படிக்கலாம் என்ற ஆசைதான். அங்கே போய்ப் பயந்து திரும்புவேன் என்று நினைக்கவில்லை.

பைபிளில் அப்போஸ்தலர் பவுலின் பெயரில் உள்ள நிருபங்கள், அதாவது கடிதங்கள், எல்லாமே பவுல் எழுதியவை அல்ல என்று அறிஞர்கள் பலர் கருதுவதாக அன்று ஆசிரியர் சொன்னார். சில நிருபங்களில் சொற்கள் வேறு, நடை வேறு. சபையில் பதவிகள் நிலைத்துவிட்ட பிற்காலத்தின் சாயல் தெரிகிறது. குருவின் பெயரில் சீடர்கள் எழுதுவதும் அந்தக் காலத்தில் இருந்ததாம். உதாரணத்துக்கு அவர் எடுத்தது, பெண்கள் சபையில் உபதேசம் செய்யாமல் அமைதியாக இருக்க வேண்டும் என்று சொல்லும் நிருபத்தை.

என் அக்காவை உட்கார வைத்தது அந்த நிருபம்தான். கல்யாணத்துக்கு முன்னால், ஜெபக்கூட்டத்தில் அவள் பேச எழுந்தால் கூட்டமே அடங்கிவிடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை சபை மூப்பர் ஒருவர் அந்த வசனத்தை உரக்க வாசித்துவிட்டு, "உக்காரு அம்மணி" என்றார். உட்கார்ந்தவள்தான். பேரன் பேத்தி எடுத்த பிறகும் சபையில் வாய் திறந்ததில்லை. யாராவது கேட்டால், "பவுலே சொல்லிப்போட்டாருங்க" என்பாள்.

இதை அவளிடம் எப்படிச் சொல்வது? சொன்னால், உன் வாழ்நாள் மௌனம் வீண் என்று சொல்வதாகிவிடும். எனக்கே வேறொரு பயம் பிடித்திருந்தது. ஜெபிக்கக் கண்ணை மூடினால், இதை எழுதியது யார், அதை எழுதியது யார் என்றே மனம் ஓடியது.

கடைசியில் காந்திபுரத்தில் பஸ் ஏறி, அக்கா இருக்கும் கருமத்தம்பட்டிக்குப் போனேன். வீட்டை ஒட்டிய தறிக்கூடத்தில் அக்கா அறுந்த இழையை முடிந்துகொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் தறிகளை நிறுத்தினாள். அந்தச் சத்தம் அடங்கியதும் என் பயம் கூடிவிட்டது.

"அக்கா, உங்களை உக்காரச் சொன்ன நிருபம் பவுல் எழுதுனதா இல்லாம இருக்கலாமுங்க. படிச்சவங்க நெறையப் பேரு அப்படிச் சொல்றாங்க. அவரேதான்னு சொல்றவங்களும் இருக்காங்க."

அழுவாள், அல்லது கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கையில் ஒட்டிய பஞ்சைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்: "அப்ப, செயில்ல இருந்து எழுதுனது? குளுருக்கு முன்னால மேலங்கி கொண்டான்னு கேப்பாரே, அது?"

இந்தக் கேள்விக்குத்தான் நான் பயந்திருந்தேன். பவுல் சிறையிலிருந்து கடைசியாக எழுதியதாகச் சொல்லப்படும் நிருபம் அது. மச்சான் இறந்ததிலிருந்து அவள் தினமும் வாசிப்பது அதைத்தான். பொய் சொல்லிவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

"அதுவும் சந்தேகந்தானுங்க அக்கா."

அவள் முகம் வெளுத்துவிட்டது. "ஒண்ணைக் குடுத்து இன்னொண்ணைப் புடுங்குதே உன்ற படிப்பு. எனக்குப் பயமா இருக்குது கண்ணு. இனி ஆரு பேச்சைப் புடிச்சுட்டு நான் சாகறது?"

நான் பஸ் ஏறித் திரும்பி வந்தேன்.

அதன்பின் பல நாள் அவள் போனை எடுக்கவில்லை. சபைக்குப் போவதையே விட்டுவிட்டாளோ என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. பிறகு ஒருநாள் அவளே கூப்பிட்டாள். அவள் வீட்டில் ஜெபக்கூட்டமாம், வரச் சொன்னாள்.

அன்று கூட்டத்தில், யாராவது இரண்டு வார்த்தை பேசுகிறீர்களா என்று சபை ஆயர் கேட்டதும் அக்கா எழுந்தாள். பைபிளில் அந்த நிருபத்தைத் திறந்து வைத்திருந்தாள்.

"செயில்ல இருந்து வந்த இந்த நிருபத்தை ஆரு எழுதுனாங்கன்னு எனக்குத் தெரியாதுங்க. ஆனா எழுதுனவருக்குக் குளுருன்னா என்னன்னு தெரிஞ்சிருக்குதுங்க. எல்லாரும் உட்டுட்டுப் போறதும் தெரிஞ்சிருக்குது."

மூப்பர் ஒருவர் எழுந்து வெளியே போனார். அக்கா பேச்சை நிறுத்தினாள். உட்கார்ந்துவிடுவாள் என்றே நினைத்தேன். வாசலைப் பார்த்தாள், விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். ஆயர் தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். அவர் மனதில் என்ன என்று தெரியவில்லை.

எல்லோரும் போனபின் சமையலறையில் என் கையைப் பிடித்தாள். "நான் பேசுனதுக்குச் சபைக் கமிட்டியில கூப்புட்டுக் கேப்பாங்க. கூட வாரியா?"

"வாரேனுங்க அக்கா," என்றேன்.